வட்டு போனபின் வட்டுப் படிமம்: வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தை முன்வைத்து

ஐ.எஸ்.ஓ. கோப்பை எப்படித் திறப்பது என்று இன்று யாராவது கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டு முறை சொடுக்கினால் போதும். கணினியில் இல்லாத ஒரு சிடி டிரைவ் இருப்பதுபோலத் தோன்றும், அதற்குள் இருப்பதெல்லாம் தெரியும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இதுதான் நிலைமை. அதனால் இதை முடிந்துபோன கேள்வியாகக் கருதுபவர்கள் அதிகம். முடியவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இயங்குதளம் எளிதாக்கிக் கொடுத்திருப்பது மேலுறையைப் பிரிக்கும் வேலையை மட்டும்தான். உள்ளே இருப்பது எந்த வடிவில் எழுதப்பட்டது, அதைப் படிக்கும் மென்பொருள் இன்றும் ஓடுமா, தகட்டின் நகலான அந்தப் படிமமே சரியாக எடுக்கப்பட்டதா என்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. மூன்றுக்கும் விடை தேடவேண்டிய நேரம், பழைய தகட்டையும் அதைப் படிக்கும் கருவியையும் இன்னும் ஒரே மேசையில் சேர்த்து வைக்க முடிகிற இந்தச் சில ஆண்டுகள்தான். தகட்டுக்குக் கேடு வந்தபின் எடுக்கும் படிமத்தில் அந்தக் கேடும் சேர்ந்தே வரும்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தை இந்தக் கேள்விக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இங்கே நடக்கும் முக்கியமான காரியங்கள் பலவற்றின் ஆயுள் ஒரு கணினியின் ஆயுளைவிட மிக நீண்டது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது 1991-இல். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்துத் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்ட் 28 அன்று. அதே சிக்கல் 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பொருளாயிற்று. மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையில் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில்தான் நிழற்பட நெகட்டிவும் தட்டச்சுத் தாளும் போய்க் குறுந்தகடு வந்தது. பிறகு குறுந்தகடும் போயிற்று. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள், சொந்த ஊரில் எடுத்த சி.டி. ஸ்கேனையும் எம்.ஆர்.ஐ.-யையும் தகட்டில் போட்டுக் கையோடு கொண்டுவருவது வழக்கம். நாள்பட்ட நோயில் பத்தாண்டுக்கு முந்தைய படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிடவேண்டி வரும். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் பழைய பேட்டர்ன் ஒன்றுக்கு வெளிநாட்டு பயர் மறு ஆர்டர் தருவதும் நடக்கக்கூடியதே.

படிமம் என்பது என்ன என்பதில் தெளிவில்லாவிட்டால் மற்றதெல்லாம் குழம்பும். ஒரு சிடியில் தகவல், செக்டர் என்ற சிறு துண்டுகளாக வரிசையாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் 2352 பைட்டு. சாதாரணத் தகவல் தகட்டில் அதில் 2048 பைட்டு மட்டுமே நம்முடையது. மீதி, கீறல் விழுந்தாலும் தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கான காப்பு எண்களும் அடையாளக் குறிகளும். 74 நிமிடத் தகட்டில் 3,33,000 துண்டுகள்; 2048-ஆல் பெருக்கினால் 68 கோடி பைட்டுக்குச் சற்றுமேல் வரும். தகட்டின் உறையில் 650 எம்.பி. என்று அச்சிட்டது இதைத்தான். ஐ.எஸ்.ஓ. கோப்பு என்பது அந்த 2048 பைட்டுத் துண்டுகளை முதலிலிருந்து கடைசிவரை, இடைவெளி விடாமல், வரிசை மாற்றாமல் அடுக்கிய ஒற்றைக் கோப்பு. முதல் 16 துண்டுகள் இயங்குதளத்தின் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டவை, பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதற்கடுத்த துண்டில் 'சி.டி.001' என்ற குறி உண்டு. கோப்பு உண்மையிலேயே ஒரு தகட்டின் படிமம்தானா என்று மென்பொருள் சரிபார்ப்பது அங்கேதான். கோப்புகளை இப்படி அடுக்கும் முறைக்கு 1988-இல் ஐ.எஸ்.ஓ. 9660 என்று எண் கிடைத்தது. 1985-இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில் ஹை சியரா என்ற ஓட்டலில் கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது அது. அங்கே கூடியவர்களின் முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும். எண்களைச் சிறிய பைட்டிலிருந்து தொடங்கிப் படிக்கும் கணினிகளும் பெரிய பைட்டிலிருந்து தொடங்கிப் படிக்கும் கணினிகளும் அன்று இருந்ததால், முக்கியமான எண்கள் ஒவ்வொன்றையும் இரண்டு முறையிலும் எழுத வைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்த அடுக்குமுறையை இன்றும் எந்தக் கணினியும் படித்துவிடுகிறது. ஆகவே மேலுறை பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

திறக்கும் வழிகள் மூன்று. வெற்றுத் தகட்டில் எழுதிவிட்டு அந்தத் தகட்டைப் போட்டுப் பார்ப்பது முதல் வழி. விண்டோஸ் 7-இல் இதற்கான சிறு கருவி சேர்ந்தே வந்தது; படிமத்தை நேரே திறக்கும் வசதிதான் அதில் இல்லை. இரண்டாவது, 7-ஜிப் போன்ற மென்பொருளால் உள்ளிருப்பதைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடுவது. மூன்றாவது மவுண்ட் செய்வது, அதாவது கோப்பையே ஒரு தகடு என்று கணினியை நம்பவைப்பது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் இதற்கு டீமன் டூல்ஸ், விர்ச்சுவல் குளோன்டிரைவ் என்று தனித்தனி மென்பொருள்கள் வேண்டியிருந்தன. லினக்ஸிலும் மேக்கிலும் இந்த வசதி வெகுகாலமாகவே உண்டு. என் தீர்ப்பு மவுண்ட் பக்கம்தான். மவுண்ட் செய்த படிமத்தில் யாரும் எதையும் மாற்றவோ அழிக்கவோ முடியாது. சாட்சியமாக வைக்கவேண்டிய ஆவணத்துக்கு இது பெரிய காப்பு. உள்ளிருக்கும் மென்பொருள் தான் தகட்டிலிருந்தே ஓடுவதாக எண்ணிக்கொள்ளும். பழைய மென்பொருள்களில் பல, தகடு டிரைவில் இல்லையென்றால் ஓட மறுப்பவை. பிரித்துக் கொட்டும் வழி ஒன்றிரண்டு கோப்பை அவசரமாக எடுக்கச் சரி. தகட்டில் எழுதிப் பார்ப்பது இன்று வீண்செலவு. நடைமுறையில் வரும் தடைகள் சிறியவை. ஏதாவது ஒரு சுருக்கு மென்பொருளை நிறுவியபின் ஐ.எஸ்.ஓ. கோப்பு அதன் பெயருக்கு மாறிப்போய், வலச் சொடுக்கில் மவுண்ட் என்ற சொல்லே காணாமல் போகும். அப்போது அந்தக் கோப்பை விண்டோஸ் எக்ஸ்புளோரரைக் கொண்டு திறக்கச் சொன்னால் போதும். கோப்பு சுருக்கிய ஃபோல்டரிலோ என்.டி.எஃப்.எஸ். அல்லாத பென் டிரைவிலோ இருக்கிறது என்று விண்டோஸ் குறை சொன்னால், வன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டுத் திறக்கலாம். வேலை முடிந்தபின் எஜெக்ட் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் அந்தக் கோப்பை நகர்த்தவோ அழிக்கவோ விண்டோஸ் விடாது.

இதுவரை சொன்னது படிமம் ஐ.எஸ்.ஓ. ஆக இருந்தால்தான் பொருந்தும். நீரோ மென்பொருள் தன் படிமத்தை என்.ஆர்.ஜி. என்று எழுதியது, ஆல்கஹால் 120% எம்.டி.எஃப்., எம்.டி.எஸ். என்று இரட்டைக் கோப்பாக எழுதியது. பின், கியூ என்ற இன்னொரு இரட்டையும் உண்டு. இவை எதையும் விண்டோஸ் தானாகத் திறக்காது. கடைசி இரட்டையைக் கையாளும்போது பின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு சிறிய கியூ கோப்பைக் குப்பையென்று எறிந்துவிடுகிறவர்கள் ஏராளம். தடங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற குறிப்பு அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. இத்தனை வடிவங்களும் கம்பெனிப் போட்டியால் மட்டும் வந்தவை என்று நினைத்துவிடக்கூடாது, உண்மையான தேவையும் ஒன்று இருந்தது. பாட்டு சிடியில் கோப்பு அடுக்குமுறையே கிடையாது, 2352 பைட்டும் ஒலிதான். அதை ஐ.எஸ்.ஓ.வில் அடைக்கவே முடியாது.

இதில் நம் ஊர்களுக்கு மிக நெருக்கமானது வி.சி.டி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்தாண்டில் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ நடந்த கல்யாணம், நிக்காஹ், மஞ்சள் நீராட்டு எதுவானாலும் வீடியோக்காரர் கொடுத்தது பெரும்பாலும் இரண்டு மூன்று வி.சி.டி.தான். 1993-இல் வகுத்த அந்த வடிவத்தில் ஒரு தந்திரம் உண்டு. வீடியோவில் ஒரு புள்ளி பிசகினால் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை என்பதால், தவறு திருத்தும் காப்பு எண்களைக் கைவிட்டு ஒவ்வொரு துண்டிலும் 2324 பைட்டு வீடியோவை அடைத்தார்கள். 650 எம்.பி. தகட்டில் 77 கோடி பைட்டு அடங்கியது இப்படித்தான். இப்போது அந்தத் தகட்டை ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஐ.எஸ்.ஓ. ஆக மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. ஏற்பது துண்டுக்கு 2048 மட்டும். ஒவ்வொரு துண்டிலும் 276 பைட்டு வீடியோ வெட்டுப்பட்டுப் போகிறது. கோப்பு உருவாகிவிடும், மவுண்டும் ஆகும், ஃபோல்டர்கள் தெரியும், எம்.பி.இ.ஜி.ஏ.வி. என்ற ஃபோல்டருக்குள் டாட் கோப்பும் இருக்கும். படம் மட்டும் ஓடாது, ஓடினாலும் கட்டம் கட்டமாகச் சிதறும். தகட்டைத் தூக்கிப்போட்ட பிறகு இது தெரியவந்தால் மீட்க வழியில்லை. வி.சி.டி.க்கு ஏற்றது பின்-கியூ இரட்டைப் படிமம்தான். அது முடியாதவர்கள் விண்டோஸில் டாட் கோப்பை அப்படியே வன்தட்டுக்கு நகலெடுத்தாலே போதும், வி.எல்.சி. அதை ஓட்டிவிடும். படிமமே எப்போதும் உயர்ந்தது என்ற என் வாதத்துக்கு எதிரான சான்று இது என்பதை மறைக்கவில்லை. வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்: எந்த வகைத் தகடு என்று பார்த்தபின் படிமத்தின் வகையைத் தீர்மானிக்கவேண்டும்.

ஸ்கேன் தகடு இதற்கு நேர் எதிர். அதை ஐ.எஸ்.ஓ. ஆக எடுப்பதுபோலச் சுலபமான வேலை வேறில்லை. சிக்கல் உள்ளே போனபிறகுதான். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரம் 1993-இல் அந்தப் பெயரோடு வந்தது. தகட்டில் எழுதும் முறைக்கு அது ஐ.எஸ்.ஓ. 9660-இன் மிகக் கண்டிப்பான முதல் நிலையையே எடுத்துக்கொண்டது. அதனால் கோப்புப் பெயர்கள் பெரிய எழுத்தில், எட்டு எழுத்துக்குள், பின்னொட்டு இல்லாமல் இருக்கும். தகட்டின் முகப்பில் டைகாம்டிர் என்ற ஒரு கோப்பு. யாருடைய படம், எந்தத் தேதி, எந்தத் தொடர் எந்தக் கோப்பில் என்ற அட்டவணை அதற்குள். இதை அறியாமல் மவுண்ட் செய்து பார்ப்பவருக்கு நூற்றுக்கணக்கான பெயரற்ற கோப்புகள்தான் தெரியும். எதைச் சொடுக்கினாலும் எந்த மென்பொருளால் திறப்பது என்று விண்டோஸ் திருப்பிக் கேட்கும். தகடு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி இன்னொரு முறை ஸ்கேன் எடுக்கத் தயாராகிறவர்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. என்றால் பல ஆயிரம் ரூபாய்; சி.டி. ஸ்கேன் என்றால் தேவையற்ற கதிர்வீச்சும் கூடவே. பல தகடுகளில் பார்ப்பதற்கான மென்பொருளையும் சேர்த்தே எழுதித் தருகிறார்கள். அது அந்தக் காலத்து விண்டோஸுக்கு எழுதப்பட்டது. இன்றைய கணினியில் ஓடலாம், ஓடாமலும் போகலாம், மேக்கிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் ஓடாது. அதை நம்பியிருக்கத் தேவையில்லை. வீசிஸ், மைக்ரோடைகாம் போன்ற பார்வை மென்பொருளில் ஒன்றைத் தனியாக நிறுவி, மவுண்ட் செய்த தகட்டின் டைகாம்டிர் கோப்பை அதற்குக் காட்டினால் படங்கள் வரிசையாக வந்துவிடும். பொதுத் தரத்தில் எழுதப்பட்ட ஒன்று, எழுதிய கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்கிறது.

ஷூ பேட்டர்னுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஷூவின் மேற்பகுதியான அப்பரின் ஒவ்வொரு துண்டையும் வரைவது, லாஸ்ட் என்ற கால் அச்சின் வளைவைத் தட்டையாக விரிப்பது, ஒரு சைஸிலிருந்து மற்ற சைஸ்களுக்கு கிரேடிங் செய்வது, தோல் வீணாகாமல் நெஸ்டிங் பார்ப்பது எல்லாம் இரண்டாயிரத்துக்கு முன்பின்னாக ஐரோப்பிய மென்பொருள்களின் வேலையாயிற்று. அவை தகட்டில் வந்தன. கூடவே டாங்கிள் என்ற பூட்டுக்கட்டை ஒன்றும் வந்தது, முதலில் பிரிண்டர் போர்ட்டில் செருகுவது, பிறகு யு.எஸ்.பி.யில். தகட்டைப் படிமமாக்கி வைத்தால் மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்; பூட்டுக்கட்டை உடைந்தாலோ, பிரிண்டர் போர்ட் இல்லாத கணினி வந்தாலோ நிறுவியதால் பயனில்லை. விற்ற கம்பெனியும் கைமாறும். டெல்காம் கிரிஸ்பின் என்ற பெயரில் ஷூ மென்பொருள் விற்ற பிரிட்டிஷ் நிறுவனம் டெல்காமை 2014-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. இப்படி ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய பதிப்புக்கு ஆதரவு தொடருமா என்பது வாங்கியவரின் முடிவைப் பொறுத்தது, ஆம்பூரில் உட்கார்ந்திருப்பவரின் கையில் எதுவுமில்லை. படிமத்தைப் பற்றி எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் இங்கே போதாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பழைய விண்டோஸையே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் நிறுவி, படிமத்தை அதன் தகட்டு டிரைவில் பொருத்தி ஓட்டுவது ஒரு வழி. 16 பிட் மென்பொருளை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்காது என்பதால் மிகப் பழையவற்றுக்கு அதுவே ஒரே வழியாகவும் இருக்கும். மென்பொருள் இன்னும் ஓடும்போதே ஒவ்வொரு பேட்டர்னையும் டி.எக்ஸ்.எஃப். என்ற பொது வரைபட வடிவத்தில் எழுதிப் படிமத்தோடு சேர்த்து வைப்பது இதைவிட நல்லது. டி.எக்ஸ்.எஃப்.பில் கிரேடிங் விதிகள் போய்விடும், கோடுகள் தங்கும். கோடுகள் தங்கினால் தோல் வெட்டும் டை அடிக்கலாம்.

மென்பொருள் தகட்டைப் படிமமாக எடுப்பது திருட்டில்லையா என்ற ஆட்சேபம் கம்பெனிக் கணக்காளர்களிடமிருந்து வரும், வரத்தான் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகக் காப்பாக மட்டும் மாற்றுப் பிரதி எடுத்துக்கொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. சொந்தத் தகட்டின் படிமம் அதற்குள் அடங்கும். அதே படிமத்தை அடுத்த யூனிட்டிலும் பங்காளியின் கம்பெனியிலும் நிறுவுவது அடங்காது. டாங்கிளை உடைப்பது வேறு விஷயம். 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு காப்புப் பூட்டை முறியடிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை வைக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கி வைத்தாலும், அந்த விலக்கை நம்பி ஓர் ஏற்றுமதி நிறுவனம் துணிவதைவிட விற்றவரிடம் எழுத்தில் அனுமதி கேட்பது புத்திசாலித்தனம்.

தமிழில் இருக்கும் தகடுகளுக்கு இன்னொரு தடை உண்டு, எழுத்துரு. அரசு அலுவலகங்களில் வானவில்லும், டி.டி.பி. கடைகளில் ஸ்ரீலிபி போன்றவையும் கோலோச்சிய காலத்தில், தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் ஒளிந்திருந்தன. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய பேஜ்மேக்கர் மலரையோ அலுவலகக் கடிதத்தையோ மவுண்ட் செய்து திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் வரும். எழுத்துருக் கோப்பையும் அதே படிமத்தில் சேர்த்து வைத்தவர் தப்பித்தார். சேர்க்காதவர் மாற்றி மென்பொருள்களைத் தேடி அலையவேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 வந்ததே 2001-இல் என்பதால், கூடவே பி.டி.எஃப். ஒன்றை எடுத்து வைப்பது கட்டாயம்.

இத்தனை தொல்லை எதற்கு, கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைத்தால் ஆகாதா என்பது எதிர்வாதங்களில் வலுவானது. வி.சி.டி. விஷயத்தில் அது சரியென்றே மேலே ஒப்புக்கொண்டாயிற்று. நிழற்படத் தகட்டுக்கும் சரிதான். ஆனால் நிறுவு தகடுகளையும் ஸ்கேன் தகடுகளையும் சாட்சியாக வைக்கவேண்டிய தகடுகளையும் அப்படி விடமுடியாது. நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒன்று நகலெடுக்கும்போது தவறிவிட்டால் யாருக்கும் தெரியாது. படிமம் ஒரே கோப்பு, அதற்கு எஸ்.எச்.ஏ.-256 என்ற கைரேகை எண் ஒன்றைக் கணக்கிட்டு எழுதி வைத்தால், இருபது ஆண்டு கழித்தும் ஒரு பைட்டு மாறவில்லை என்று எவரும் சரிபார்க்கலாம். மாசு அளவீடுகளும் சோதனை அறிக்கைகளும் வழக்காக மாறும் வட்டாரத்தில் இந்த ஒரு குணத்துக்காகவே படிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

தகடு நன்றாகத்தானே இருக்கிறது, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வாதம். வீட்டிலும் கடையிலும் எழுதிய சி.டி.-ஆரில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மாற்றுகின்றன. அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக ஃப்ரெட் பையர்ஸ் 2003-இல் எழுதிய வழிகாட்டி, நீண்டகாலம் வைக்கும் தகடுகளுக்கு வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. வேலூரின் சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அங்கே பரண்மேல் கிடக்கும் தகட்டுக்கு அந்த வழிகாட்டியின் கணக்கு எதுவும் செல்லாது. கெடத் தொடங்கிய தகட்டைச் சாதாரண நகல் மென்பொருள் முதல் தவறிலேயே கைவிட்டுவிடும். லினக்ஸில் உள்ள குனு டிடிரெஸ்கியூ, படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு முடியாத துண்டுகளைப் பட்டியலிட்டுத் திரும்பத் திரும்ப முயலும்; அதே தகட்டை இன்னொரு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யும். ஒரு டிரைவ் படிக்காத துண்டை மற்றொன்று படிப்பது அபூர்வமல்ல. யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் இன்னமும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எத்தனை நாள் கிடைக்கும் என்பது வேறு; எழுதக்கூடிய புளூ-ரே தகட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது.

தெரியாத ஐ.எஸ்.ஓ.வைத் திறப்பது ஆபத்து என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இணையத்திலிருந்து வந்த ஆஃபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022-இல் தடுக்கத் தொடங்கியதும், தீயநிரல் அனுப்புவோர் அதை ஐ.எஸ்.ஓ.வுக்குள் வைத்து அனுப்பலானார்கள். பம்பிள்பீ, குவாக்பாட் போன்றவை அப்படிப் பரவின. காரணம் மவுண்டின் ஒரு ஓட்டை. இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரை ஐ.எஸ்.ஓ.வின் மேல் இருந்தது, உள்ளிருக்கும் கோப்புகளுக்கு இறங்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த திருத்தம்தான் அதை அடைத்தது. பர்ச்சேஸ் ஆர்டரும் இன்வாய்ஸும் தினம் நாலு நாட்டிலிருந்து வரும் ஏற்றுமதி அலுவலகத்தில், ஐ.எஸ்.ஓ. வடிவில் ஒரு இன்வாய்ஸ் வந்தால் அதைத் திறக்கவே கூடாது. உண்மையான பயர் எவரும் அப்படி அனுப்பமாட்டார். சொந்தத் தகட்டிலிருந்து சொந்தக் கையால் எடுத்த படிமத்துக்கு இந்த அச்சம் பொருந்தாது. சி-டாக் வெளியிடும் பாஸ் லினக்ஸ் போன்ற நிறுவு படிமங்கள் தனி இனம். மாணவர்கள் அடிக்கடி கையாளும் ஐ.எஸ்.ஓ. இவைதான். இவற்றை மவுண்ட் செய்து பார்ப்பதில் பலனில்லை, பென் டிரைவுக்குள் கோப்பாக இழுத்துப் போட்டாலும் கணினி அதிலிருந்து கிளம்பாது. ரூஃபஸ் மாதிரியான மென்பொருளால், கணினி கிளம்பக்கூடியபடி டிரைவில் எழுதவேண்டும். வெளியிட்டவரின் தளத்திலிருந்தே இறக்கி, அங்கே கொடுத்த கைரேகை எண்ணோடு ஒப்பிட்ட பிறகு.

தீர்வு முழுமையாகக் கைவராத ஆட்சேபம் அந்தரங்கம் பற்றியது. ஸ்கேன் தகட்டின் ஒவ்வொரு டைகாம் கோப்புக்குள்ளும் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் பெரும்பாலும் படத்தோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். டிரைவ் இல்லாத வீட்டார் தகட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து பிரௌசிங் சென்டருக்கோ ஜெராக்ஸ் கடைக்கோதான் போகிறார்கள். அங்கே எடுத்த படிமம் பென் டிரைவுக்கு வந்துவிடும். கடைக் கணினியின் டெஸ்க்டாப்பிலும் ஒரு பிரதி தங்கிவிடும். கோப்பு கோப்பாக எடுத்திருந்தால் அரைகுறையாகத் தங்கியிருக்கும். படிமம் என்பதால் முழுமையாகத் தங்குகிறது. படிமத்தை நான் பரிந்துரைக்கக் காரணமான அதே குணம் இங்கே பாதகமாகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை வைத்திருப்பவர் மேல் பொறுப்பைச் சுமத்துகிறது, ஆனால் கடைக்காரர் தன்னைத் தரவு வைத்திருப்பவராக நினைப்பதே இல்லை. ஐ.எஸ்.ஓ. வடிவத்தில் கடவுச்சொல் வைக்க இடமும் இல்லை. 7-ஜிப்பில் கடவுச்சொல்லோடு சுருக்கி வைக்கலாம், திறக்கும்போது ஒரு படி கூடும். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றி விடுதி எடுத்துத் தங்கும் வெளியூர்க்காரர்களுக்காவது, தகட்டைப் படித்துப் பென் டிரைவில் தந்துவிட்டுத் தன் பிரதியைக் கண்ணெதிரே அழிக்கும் ஒரு மேசையை மருத்துவமனைகளே வைத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது ஒரு கணினி, இரண்டு டிரைவ், பயிற்சி பெற்ற ஓர் ஆள்.